பாண்டிசெல்வி செய்த மொய்

எங்கள் மம்சாபுரம் தெருவில் பாண்டிசெல்வியிடம் வம்பு வைத்துக்கொள்ள யாருக்கும் துணிச்சல் கிடையாது. எடையில் கை வைத்த ஒரு மளிகைக் கடைக்காரரிடம் அவள் சண்டைக்குக்கூடப் போகவில்லை. எங்கிருந்தோ ஒரு தராசை இரவல் வாங்கி வந்து கடைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டாள். சாமான் வாங்கிப் போகிறவர்களைக் கூப்பிட்டு, காசு வாங்காமல் நிறுத்துக் காட்டினாள். ஒரு வாரத்தில் கடைக்காரர் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அப்படிப்பட்டவளைத்தான் ராஜபாளையத்துப் பேண்டேஜ் துணிக் கம்பெனி முதலாளி சௌந்தரபாண்டியன் லேசாக நினைத்துவிட்டார்.

நான் ஜெபக்குமார். அவளுக்கு அடுத்த வீடு. விசேஷ வீடுகளில் மொய் எழுதும் மேசைக்குப் பக்கத்தில் நின்று, யார் என்ன செய்தார்கள் என்று மைக்கில் வாசிப்பது என் தொழில். அதனால் இந்தக் கதையில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, சந்தோஷம்தான்.

பாண்டிசெல்வியின் மகள் அனுசியாவுக்கு நாலு வயது. போன வருஷம் விடாத காய்ச்சலென்று மதுரைக்குக் கொண்டுபோனார்கள். ரத்தப் புற்றுநோய் என்றார்கள். மருந்து ஏற்ற ஏற்றப் பிள்ளையின் முடி முழுக்கக் கொட்டிப்போனது, நோயும் அடங்கியது. ஆனால் திரும்பி வரக்கூடிய வகையாம். அடங்கியிருக்கும்போதே எலும்பு மஜ்ஜை மாற்றிவிட வேண்டும், தை மாதம் தாண்டினால் என் கையில் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். காப்பீட்டு அட்டை தாங்கியது போக மீதியே லட்சக்கணக்கில் வந்தது. அவள் புருஷன் மாரிசெல்வம் தன் லோடு ஆட்டோவை விற்றான். அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் மிஞ்சியது. அவள் தம்பி வினோத், பிள்ளையின் படம் ஒட்டிய உண்டியல்களை ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடைகளில் வைத்தான். மதுரை பஸ்களில் ஏறி ஏறிக் கை நீட்டினான். சும்மா சொல்லக்கூடாது, ஜனங்கள் கொடுத்தார்கள். சௌந்தரபாண்டியன் கம்பெனியில் அவளோடு துணி மடிக்கும் பெண்கள் ஒரு வாரக் கூலியை அப்படியே கொடுத்தார்கள்.

அந்த நேரத்தில்தான் முதலாளிக்குக் கருணை பொங்கியது. சுதந்திர தினத்தன்று கம்பெனி வாசலில் மேடை போட்டார். கதவு அகலத்துக்குத் தெர்மகோலில் ஒரு காசோலை. ஐந்து லட்சம் ரூபாய் என்று எழுதி, கீழே அவர் கையெழுத்து, முழங்கை நீளத்துக்கு. மொட்டைத் தலையோடு பிள்ளையை முன்னால் நிறுத்தி, அந்த அட்டையை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துப் போட்டோ எடுத்தார்கள். மறுநாள் பேப்பரில் வந்தது. அடுத்த வாரம் பஸ் ஸ்டாண்டில் ‘ஏழைகளின் காவலர்’ என்று பேனர் ஏறியது.

அந்தத் தெர்மகோல் அட்டை அவள் வீட்டுக்கு வந்தது, உண்மையான காசோலை மட்டும் வரவில்லை. கணக்குப்பிள்ளை ஊரில் இல்லை என்றார்கள், பிறகு கமிட்டி கூட வேண்டும் என்றார்கள், கடைசியில் அரசாங்கக் காப்பீடு இருக்கும்போது உனக்கெதற்கு என்றார்கள். அவள் விடாமல் கேட்கவும், இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சூப்பர்வைசரை விட்டுச் சொல்லவைத்தார் ஏழைகளின் காவலர்.

அதைக்கூடப் பொறுக்கலாம். பொறுக்க முடியாதது வேறு. பேப்பரில் படம் வந்த நாளோடு உண்டியலில் காசு விழுவது நின்றுவிட்டது. வினோத் பஸ்ஸில் ஏறினால், “அதான் மொதலாளி அம்புட்டுக் குடுத்துட்டாரே, இன்னும் என்னலே பிச்ச?” என்று கேட்டார்கள். கொடுக்க நினைத்தவர்களின் கையையும் அந்த மனிதர் கட்டிப்போட்டுவிட்டார். பிள்ளையின் உயிரை எடுத்துத் தன் பேனரில் ஒட்டிக்கொண்டார். மன்னிப்பது பெரிய குணம் என்று யாராவது சொல்வதென்றால் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.

தை பிறந்தது. முதலாளி தன் பேத்திக்கு ராஜபாளையத்தில் பெரிய மண்டபம் பிடித்துக் காதுகுத்து வைத்தார். ஊரெல்லாம் போய்ச் செய்த மொய்யை ஒரே நாளில் வசூல் பண்ணிவிடும் திட்டம். மைக்குக்கு என்னைத்தான் கூப்பிட்டிருந்தார். ஒரு பெயர்கூட விடுபடக்கூடாது, சத்தமாக வாசிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார்.

இது தெரிந்து பாண்டிசெல்வி என்னிடம் வந்தாள். அழவில்லை. யார் என்ன கொண்டுவந்தாலும் நீ வாசித்துத்தானே ஆக வேண்டும் என்று கேட்டாள். ஆமாம், அதுதான் என் வேலை என்றேன்.

“அம்புட்டுதாண்ணே வேணும்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

காதுகுத்து அன்று மண்டபம் நிரம்பி வழிந்தது. முதல் வரிசையில் முதலாளியின் சம்பந்தி வீட்டார் பட்டும் நகையுமாக உட்கார்ந்திருந்தார்கள். நடு வாசல் வழியாகப் பாண்டிசெல்வியும் மாரிசெல்வமும் ஒரு பெரிய பலகையைச் சேலையில் சுற்றித் தூக்கி வந்தார்கள். ஏதோ நிலைக்கண்ணாடி என்று நினைத்து எல்லோரும் வழிவிட்டார்கள். மொய் மேசையில் வைத்துச் சேலையை உருவினாள். எழுதுகிறவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் மைக்கைக் கீழே வைக்கவில்லை.

“மம்சாபுரம் மாரிசெல்வம், பாண்டிசெல்வி குடும்பத்தார் செய்யும் மொய். முதலாளி சௌந்தரபாண்டியன் அவர்கள் தம் கையால் கையெழுத்திட்டுக் கொடுத்த காசோலை, ரூபாய் ஐந்து லட்சம்.”

மண்டபம் அடங்கிவிட்டது. மைக் சரியில்லையோ என்று தட்டிப் பார்த்து இன்னொரு தடவை வாசித்தேன். மைக் நன்றாகத்தான் இருந்தது.

முதலாளி வேர்த்து ஓடி வந்தார். அவர் நிலைமையைப் பாருங்கள். இது செல்லாது என்று வாய் திறந்தால், மேடை போட்டுக் கொடுத்ததும் செல்லாது என்று ஆகும். செல்லும் என்றால் பணத்தை எடுத்து வைக்க வேண்டும். மொய்யை வாங்கிக்கொண்டு திருப்பிச் செய்யாதவன் வீட்டில் எங்கள் பக்கம் பெண் எடுக்க மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். சம்பந்தி எழுந்து வந்து, அட்டையை மேலும் கீழும் பார்த்து, இது உங்கள் கையெழுத்துதானா என்று கேட்டார். முதலாளி தலையை ஆட்டினார். வேறு என்ன செய்வார்?

பாண்டிசெல்வி என் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

“மொதலாளி, மொய் செஞ்சாச்சு. வார புதன்கிழம எம் மவளுக்குக் காதுகுத்து. வந்து திருப்பிச் செஞ்சுருங்க. மொட்ட போடுற செலவு எனக்கில்ல. அது முன்னமே ஆயிருச்சு.”

சம்பந்தி வீட்டுப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். பாண்டிசெல்வி சாப்பிடாமல் போய்விட்டாள். நான் மறுநாளே கம்பெனிக்குப் போய், ஆஸ்பத்திரி பேரிலேயே டிராப்ட் எடுக்கச் சொன்னாள் என்று முதலாளியிடம் சேதி சொல்லிவிட்டு வந்தேன்.

புதன்கிழமை எங்கள் தெருவில் சின்னப் பந்தல். ஊசி படக்கூடாது, கூட்டமும் ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதனால் அனுசியாவை முகக்கவசத்தோடு செத்த நேரம் மட்டும் வெளியே கொண்டுவந்து, வினோத் மடியில் உட்காரவைத்தார்கள். ஆசாரி இரண்டு காதிலும் சந்தனம் மட்டும் தொட்டு வைத்தார். பிள்ளை கூச்சத்தில் நெளிந்து சிரித்தது. மாரிசெல்வம் அதை உடனே உள்ளே தூக்கிப் போனான். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு எனக்கு முதலாளி மேல் கோபம் இன்னும் கூடியதே தவிரக் குறையவில்லை.

முதலாளி காரில் வந்து இறங்கினார். டிராப்ட் இருந்தது. கூடவே கழுத்தில் கேமரா தொங்க ஒரு ஆளும் இருந்தான். என் பக்கம் குனிந்து, நன்கொடை என்று வாசிக்கச் சொன்னார். எனக்கு அன்றைக்குக் காது கொஞ்சம் மந்தம். ராஜபாளையம் சௌந்தரபாண்டியன், முன்பு பெற்ற மொய்யைத் திருப்பிச் செய்கிறார் என்று தெருக்கோடிவரை கேட்கிற மாதிரி வாசித்தேன்.

பாண்டிசெல்வி டிராப்டை வாங்கி, எழுத்து எழுத்தாகப் படித்து, வினோத்திடம் கொடுத்தாள். அவன் பந்திக்குக்கூட நிற்காமல் மதுரை பஸ்ஸுக்கு ஓடினான். முதலாளி தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு, பிள்ளையைக் கூட்டி வா, ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார். கேமராக்காரன் தயாராகிவிட்டான்.

அவள் நடைவாசலை மறித்து நின்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அவரை முதலாளி என்று கூப்பிடாதது அன்றுதான்.

“போட்டோதான் அன்னைக்கே எடுத்தாச்சே அண்ணாச்சி. பந்தி நடக்கு, சாப்பிட்டுட்டுப் போங்க.”