மஞ்சள் துணிக்குள் முழுத் தோட்டா

உங்கள் வீட்டு மனிதரின் கழுத்தில் ஒரு துப்பாக்கித் தோட்டாவைக் கட்டி, யானை வரும் வழிக்கு அனுப்புவீர்களா?

ஓசூரில் பித்தளைப் பட்டறை வைத்திருக்கும் ஜமீர் அகமதுவிடம் அதற்கென்றே ஆட்கள் வருகிறார்கள். ஐம்பத்திரண்டு வயது. கம்பெனி எந்திரங்களின் அச்சுத் துளைக்குள் பொருத்தும் பித்தளைக் குழலான புஷ் கடைந்து கொடுப்பது பிழைப்பு. காட்டோர ஜவளகிரிப் பக்கத்து விவசாயிகளுக்காக, அவர்கள் யானைக்குத் தாயத்தாகக் கட்டும் காலித் தோட்டாவின் அடியில் கயிறு கோக்க வளையமும் பற்றவைப்பார். எல்லாத் தோட்டாவும் ஆகாது. ‘முன்னூத்தி எழுவத்தஞ்சு’ மட்டும்தான். அந்தக் காலப் பண்ணைக்காரர்களின் பெரிய ரைபிள் தோட்டா அது. நூறு வருஷத்துக்கு முந்தைய அளவு, இன்றும் உலகில் செய்கிறார்கள், வாங்குகிறார்கள். யானையையே வீழ்த்தும் என்ற பெயர்தான் காரணம். துப்பாக்கியிலிருந்து போனால் வீழ்த்தும். கழுத்தில் தொங்கினால் வெறும் பித்தளை. இது ஜமீருக்குத் தெரியும். "நம்புறாங்க, நமக்கென்ன" என்று முப்பது வளையம் வைத்துவிட்டார்.

போன மாதம் ராகிக் கொல்லையில் காவலிருந்த நல்லுசாமியை யானை மிதித்துக் கொன்றது. அவர் கழுத்திலும் ஜமீர் வைத்த வளையம். ஊர் என்ன கற்றுக்கொண்டது? காலித் தோட்டா பலிக்காது, மருந்தோடு முழுசாக வேண்டும் என்று!

திங்கட்கிழமை மத்தியானம் அதே ஊர் மங்கம்மா மஞ்சள் துணிப் பொட்டலத்தோடு வந்தார்.

"துணிய அவுக்காதீங்க பாய். பூசை போட்டுக் கட்டினது. அடிப்பக்கம் மூடாம விட்டிருக்குது, அங்க வளையம் வைங்க. ராத்திரி எங்க வீட்டுக்காரரு கொல்லைக் காவல் பரணுக்குப் போறாரு."

ஜமீர் கேஸ் டார்ச்சைப் பற்றவைத்தார். குறட்டால் தோட்டாவைத் தூக்கினார். குறடு தாழ்ந்தது. காலித் தோட்டா இப்படிக் கனக்காது. அடியின் நடுப்பொட்டைப் பார்த்தார். சுட்ட தோட்டாவில் அங்கே குழி விழுந்திருக்கும். இதில் இல்லை. நெருப்புக்கும் அதற்கும் ஒரு சாண்.

டார்ச்சை அணைத்தார்.

"உள்ள மருந்து இருக்குதும்மா!"

"அதுக்குத்தானே தேடி அலைஞ்சேன்? நல்லுசாமி மாமாவுக்குக் காலியா கட்டினீங்க, என்னாச்சு?"

"நெருப்பு பட்டிருந்தா என் கையும் போயிருக்கும், உன் கண்ணும் போயிருக்கும்."

"பூசை போட்டது எப்படி வெடிக்கும்?"

"பூசை போட்ட சிலிண்டரு வெடிக்காதா?"

மங்கம்மா கை நீட்டினார். "குடுங்க. எதிர்க்கடை முத்துக்குமார் வெச்சுத் தருவாரு."

ஜமீர் தோட்டாவை உள்ளங்கையால் மூடிக்கொண்டார்.

"அப்போ அவரு வெறுங்கழுத்தோட உக்காரணுமா?"

"பரணுக்கே போக வேணாம்னு சொல்லு. நல்லுசாமி செத்தது என் வளையத்தோட. உன் வீட்டுக்காரரு கங்கப்பனையும் என்னால சுமக்க முடியாது."

மங்கம்மா அழுதபடி நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பிறகு இருவரும் போய்த் தோட்டாவைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தார்கள். நல்லுசாமி செத்தபோது எட்டிப் பார்க்காத அதிகாரம், ஒரு தோட்டாவுக்காக இருவரையும் இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டுக் குடைந்தது.

அன்று கங்கப்பன் போகவில்லை. யானையால் அரை ஏக்கர் ராகி போயிற்று. மனிதர் இருக்கிறார். ஆனால் மீதி ராகியைக் காக்க யாராவது போய்த்தான் ஆக வேண்டும். காட்டோரம் விளக்கும் எச்சரிக்கை மணியும் கேட்டு அந்த ஊர் மூன்று வருஷமாக அலைகிறது.

ஜமீர் இப்போது வளையம் வைப்பதில்லை. அவர் பட்டறை மேசையில் அதே கோரிக்கையோடு ஒரு மனு கிடக்கிறது. முதல் கையெழுத்து மங்கம்மாவுடையது. அறுவடைக்கு இன்னும் பன்னிரண்டு நாள். இந்த வாரமே போய் உங்கள் கையெழுத்தைப் போடுங்கள்.