கடலுக்குப் போகும் அடுப்படி

மங்கம்மா கடலைப் பார்த்ததில்லை. பாகலூரில் பிறந்து ஓசூரில் வாழ்க்கைப்பட்டவளுக்குப் பெரிய தண்ணீர் என்றால் கெலவரப்பள்ளி அணைதான். அங்கேயும் கரையில் நின்று கால் நனைத்ததோடு சரி. அப்படிப்பட்டவளிடம் 2006ஆம் வருஷம் கார்த்திகை மாதத்தில் ஒரு மத்தியானம், தட்டில் களியை வைத்துக்கொண்டிருந்தபோது, புருஷன் சின்னராஜ் மெதுவாக விஷயத்தைச் சொன்னான். நல்லுசாமி சாரின் பாய்மரப் படகில் கொச்சியிலிருந்து கோவா வரை கடல் வழியாகப் போகப் போகிறானாம். சாரும் அவர் சம்சாரமும் இவனும் மட்டும். பத்து நாள்.

மங்கம்மா குழம்பை ஊற்றி முடித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"நீச்சல் தெரியுமா?"

"கெணத்துல அடிச்சிருக்கன்."

"கடலு கெணறா?"

அவன் களியைக் குழம்பில் தோய்த்தான். போக வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கேட்டவர் வேறு யாராக இருந்தாலும் அந்தக் களித்தட்டோடு பேச்சு முடிந்திருக்கும். கேட்டவர் நல்லுசாமி.

எட்டு வருஷத்துக்கு முன்னால் தகடு வெட்டுகிற ஒரு பிரஸ் ஷாப்பில் சின்னராஜின் வலது கையில் கடைசி இரண்டு விரல்கள் போயின. காயம் ஆறிய பிறகு ஒன்றரை வருஷம் சிப்காட்டில் அவன் ஏறி இறங்காத கேட் இல்லை. எல்லா இடத்திலும் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் கையைப் பார்த்தார்கள். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். யாரும் சொல்லி அனுப்பவில்லை. கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டே நடக்கிற பழக்கம் அவனுக்கு வந்தது. வீட்டுக்குள்கூட அந்தக் கை பையை விட்டு வெளியே வராது. மங்கம்மா அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். பார்த்ததாகக் காட்டினால் அழுதுவிடுவான் என்று தெரியும்.

நல்லுசாமி தூத்துக்குடிக்காரர். முப்பது வருஷம் கப்பல்களின் இஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். மகளுக்கு ஓசூரில் உத்தியோகம் என்பதால் பின்னாலேயே வந்து, ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்து, ஃபைபர் தண்ணீர்த் தொட்டி செய்துகொண்டிருந்தார். அவரும் கையைப் பார்த்தார். மிச்ச விரல்களில் பிடி இருக்கிறதா என்று ஒரு பிரஷ்ஷைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னார். பிடித்தான். "அப்ப நாளைலருந்து வா" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அன்றைக்குப் பையிலிருந்து வெளியே வந்த கை திரும்ப உள்ளே போகவில்லை.

அதற்காக மங்கம்மா அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வாயால் சொல்லிவிட்டால் அத்தோடு தீர்ந்து போகும் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. ராகி அரைத்தால் ஒரு டப்பா, அவரை காய்த்தால் ஒரு பை என்று அவர் வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவாள். ஆறு வருஷமாக அதுதான் நடந்தது.

இப்போது அவர் கூப்பிடுகிறார், கடலுக்கு.

"போங்க," என்றாள் சின்னராஜிடம். "ஆனா அந்தப் படகுக்குள்ள நான் ஒரு தடவ போய்ப் பாத்துட்டுத்தான் அனுப்புவன்."

அவன் சிரித்தான். படகைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்று கேட்டான்.

"படகு தெரியாது. பத்து நாளு உள்ளதான சோறாக்கித் தின்னு தூங்கப் போறீங்க? அப்ப அது வூடு. வூடு எனக்குத் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை போனாள். ஷெட்டின் பின்பக்கம் முட்டுக்கட்டைகளின் மேல் நின்றது படகு. இருபத்தெட்டு அடி நீளம். நாலரை வருஷமாகத் தொட்டி வேலை இல்லாத நேரமெல்லாம் நல்லுசாமியும் சின்னராஜும் சேர்ந்து செய்தது. வருகிற வியாழக்கிழமை லாரியில் ஏறி கொச்சிக்குப் போக வேண்டும். ஏணி வைத்து ஏறி, படி வழியாக அதன் வயிற்றுக்குள் இறங்கினாள். நல்லுசாமியின் சம்சாரம் காளியம்மாள் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். சமையல் மேடை செய்த கரியப்பனும் அங்கே இருந்தான். ஓசூர், பாகலூர் பக்கம் பாதி வீடுகளுக்குக் கிச்சன் அலமாரி அடித்துக் கொடுத்தவன்.

நல்லுசாமி உற்சாகமாகக் காட்டினார். கேள்வி கேட்கிற ஆள் கிடைத்துவிட்டால் அவருக்கு வேறொன்றும் வேண்டாம். தண்ணீர் மட்டத்துக்குக் கீழே படகில் நாலு ஓட்டை உண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு, ஒவ்வொரு வால்வுக்குப் பக்கத்திலும் ஒரு மர ஆப்பைக் கயிற்றில் கட்டித் தொங்க விட்டிருந்தார். வால்வு உடைந்தால் தேட வேண்டியதில்லை, எடுத்து அடிக்க வேண்டியதுதான். மங்கம்மாவுக்கு அது பிடித்தது. கடை ஸ்க்ரூ உப்புத் தண்ணீரில் ஒரு மாதம் தாங்காது என்பதால் சின்னராஜ் ஒவ்வொரு ஸ்க்ரூவிலும் காந்தத்தை வைத்துப் பார்த்து, ஒட்டினதையெல்லாம் துருப்பிடிக்கிற ரகம் என்று கழற்றி எறிந்திருந்தான். பேட்டரி உருளாமல் பெல்ட் போட்டுக் கட்டியிருந்தது. கயிறு உரசுகிற இடத்திலெல்லாம் பழைய ஹோஸ் பைப்பை வெட்டி மாட்டியிருந்தார்கள்.

எல்லாம் சரிதான் என்று அவள் விட்டுவிடவில்லை. மிதவைச் சட்டைகள் எங்கே என்று கேட்டாள். கட்டிலுக்கு அடியில், பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தன.

"முழுவும்போது பொட்டியெல்லாம் எறக்கி வெச்சிட்டா சார் எடுப்பீங்க?"

நல்லுசாமி அவற்றைப் படிக்குப் பக்கத்தில் மாட்டச் சொன்னார். பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் குறித்துக்கொள்ள ஆரம்பித்தார். அடுப்பைச் சுற்றிக் கம்பி இல்லை, படகு சாய்ந்தால் பாத்திரம் மடியில் வந்து விழும் என்றாள். குறித்தார். அகலப் பாத்திரம் வேண்டாம், ஆழப் பாத்திரத்தில் பாதிக்குமேல் ஊற்ற வேண்டாம் என்றாள். டப்பாக்களில் ஒட்டின காகிதமெல்லாம் ஈரத்தில் கழன்று போகும், எது பருப்பு எது சர்க்கரை என்று பெயிண்டில் எழுதிவிட வேண்டும் என்றாள். அதையும் குறித்தார். இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணினவள் தனக்கு இதெல்லாம் தோன்றவில்லையே என்று காளியம்மாள் சிரித்தாள்.

கடைசியாகத்தான் மேடைக்குக் கீழே கதவைத் திறந்தாள். உள்ளே ஐந்து கிலோ கேஸ் சிலிண்டர் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. பளபளவென்று கதவு, அதில் ஒரு பித்தளைப் பிடி. கரியப்பன் பக்கத்தில் வந்து நின்றான்.

மங்கம்மா குத்துக்காலிட்டு உட்கார்ந்து தரையைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். எழுந்து படியைப் பார்த்தாள்.

"இங்க கேஸு லீக்கானா எந்தப் பக்கமா வெளிய போவும்?"

"மேல ஜன்னலிருக்கல்லக்கா," என்றான் கரியப்பன். "ஐநூறு கிச்சன் பண்ண கை இது."

அவள் முன்பு குடியிருந்த லைன் வீட்டில் ஒரு தடவை இப்படி ஆனது. காலையில் எழுந்ததும் நாற்றம். விளக்கைப் போடாமல், வாசக்கதவைத் திறந்துவிட்டு, பாயால் தரையோடு தரையாக விசிறி விசிறி வெளியே தள்ளினாள். ஜன்னல் முதல் நாளிலிருந்தே திறந்துதான் கிடந்தது. ஜன்னலால் ஒன்றும் ஆகவில்லை. சமையல் கேஸ் காற்றைவிடக் கனம். கீழே போய்ப் படுத்துக்கொள்ளும். அன்றைக்கு வீட்டைக் காப்பாற்றியது தரையோடு இருந்த வாசல்.

இந்த வீட்டுக்கு வாசல் தலைக்கு மேலே இருந்தது.

"ஒரு வாளி தண்ணி குடுங்க," என்றாள்.

சின்னராஜ் கொண்டு வந்தான். யாரும் தடுப்பதற்கு முன்னால் அதை அடுப்புக்கு முன்னால் தரையில் கவிழ்த்தாள். கரியப்பன் தன் பலகைக்காகப் பதறினான். தண்ணீர் பலகை இடுக்கு வழியாக இறங்கி, படகின் அடிவயிற்றில் எங்கேயோ சலசலத்தது. கொஞ்ச நேரத்தில் கீழே ஒரு மோட்டார் உர்ரென்று ஓடியது. தண்ணீரை இறைத்துவிட்டுத் தானாக நின்றது.

"ஆட்டோமேட்டிக்," என்றார் நல்லுசாமி. குரலில் பெருமை இருந்தது. "தண்ணி சேர்ந்தா நம்ம எந்திரிச்சுப் போயி போட வேண்டாம். தானா ஓடும்."

"கேஸும் அங்கதான சார் போய் உக்காரும்? அதை யாரு எறைக்கிறது? அது நெறஞ்சி கெடக்கும்போது இந்த மோட்டாரு தானா ஓடுனா பொறி பறக்காதா?"

நல்லுசாமி கையிலிருந்த நோட்டை மூடினார். படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"முப்பது வருசம் இஞ்சின் ரூம்ல எண்ணெ ஆவியப் பத்தி வந்தவன் போனவனுக்கெல்லாம் பாடம் எடுத்திருக்கேன்மா," என்றார். "சமையக்கட்டுன்னதும் வீட்டு நெனப்புல விட்டுட்டேன் பாத்தியா."

அதுதான் நடந்திருந்தது. கப்பல் சமையலறையில் அவர் பார்த்ததெல்லாம் கரண்ட் அடுப்பு. கரியப்பனுக்குத் தெரிந்ததெல்லாம் வீட்டு மேடை. வீட்டில் சிலிண்டர் மேடைக்குக் கீழே இருக்கும், இங்கேயும் இருக்கட்டும் என்று வைத்துவிட்டான். நம் வீட்டு அடுப்படி மாதிரியே இருக்கிறது என்று காளியம்மாளும் சந்தோஷப்பட்டாள். கடலைப் பார்த்தவர் அடுப்பைப் பார்க்கவில்லை, அடுப்பைப் பார்த்தவர்கள் கடலைப் பார்க்கவில்லை.

லாரி வியாழக்கிழமை வருகிறதே என்று சின்னராஜ் தயங்கினான். லாரி நிற்கட்டும் என்றார் நல்லுசாமி.

ஒரு வாரம் நின்றது. அந்த வாரத்தில் சின்னராஜ் எட்டு விரலை வைத்துக்கொண்டு ஃபைபரில் ஒரு பெட்டி வார்த்தான். படகின் பின்னால், வெளித்தளத்தில், சிலிண்டருக்கென்று தனிப் பெட்டி. உள்பக்கம் ஒரு கீறல்கூட இல்லாத மாதிரி அடைத்து, அடியில் ஒரு ஓட்டை போட்டு, அதிலிருந்து ஒரு குழாய் படகுக்கு வெளியே, தண்ணீர் மட்டத்துக்கு மேலே போய்த் திறந்தது. கசிந்தால் கடலுக்குப் போகட்டும். மங்கம்மா திரும்ப வந்தாள். பெட்டிக்குள் ஒரு வாளி தண்ணீர் ஊற்றினாள். அத்தனையும் வெளியே ஷெட் தரையில் கொட்டியது. படகுக்குள் இறங்கி ஒவ்வொரு மூலையையும் கையால் தடவினாள். ஈரம் இல்லை. அந்தக் கீழ் மோட்டாரும் ஓடவில்லை.

"இப்ப போங்க," என்றாள்.

கிளம்புகிற அன்று ஒரு துணி முடிச்சைச் சின்னராஜ் கையில் கொடுத்தாள். உள்ளே சிலிண்டர் வாயில் போடுகிற ரப்பர் வாஷர் அஞ்சு. கூடவே சோப்புத் தண்ணீர் கரைத்த ஒரு பாட்டில். சமைத்து முடித்ததும் முதலில் சிலிண்டரில் மூடு, அடுப்பு தானாக அணையட்டும், பிறகு அடுப்பில் மூடு, குழாயில் ஒன்றும் தங்கக் கூடாது என்றாள். புது சிலிண்டர் மாட்டினால் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்க்காமல் பத்த வைக்கக் கூடாது என்றாள். மூன்றாவது தடவை சொன்னபோது சின்னராஜ், லாரி தன்னை விட்டுவிட்டுப் போய்விடும் போலிருக்கிறது என்று ஓடிப் போய் ஏறிக்கொண்டான்.

கோழிக்கோட்டுக்குப் பக்கத்தில் பேப்பூரிலிருந்து செல்போனில் கூப்பிட்டான். மங்களூரிலிருந்து கூப்பிட்டான். அங்கிருந்து கிளம்பிய பிறகு ஒன்றரை நாள் சத்தமே இல்லை. மங்கம்மா வேலைகளைச் செய்தாள். அரிசி களைந்தாள், துணி துவைத்தாள், துவைத்த துணியையே திரும்ப எடுத்துத் துவைத்தாள். போனை இடுப்பிலேயே செருகி வைத்திருந்தாள். சாமியிடம் கேட்கவும் அவளுக்குத் தயக்கமாக இருந்தது. ஏற்கெனவே ஒரு தடவை இரண்டு விரலை மட்டும் எடுத்துக்கொண்டு இவன் உயிரைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது, திரும்பப் போய் எந்த முகத்தோடு கேட்பது என்று.

இரண்டாம் நாள் சாயங்காலம் போன் அடித்தது. கார்வார் துறைமுகம்.

சின்னராஜ் மூச்சு விடாமல் சொன்னான். காலையில் சிலிண்டர் தீர்ந்து புதுசு மாட்டினானாம். படகு ரொம்ப ஆடிக்கொண்டிருந்ததால் சோப்புத் தண்ணீர் அப்புறம் போடலாம் என்று உள்ளே போய் உட்கார்ந்துவிட்டானாம். அங்கே மங்கம்மா குரல் காதிலேயே நின்றதாம். திரும்ப வெளியே வந்து பெட்டியைத் திறந்தால் குப்பென்று நாற்றம். தடவிப் பார்த்தால் முட்டை முட்டையாக நுரை. வாஷர் வெடிப்பு விட்டிருந்தது. எவ்வளவு நேரமாகக் கசிந்ததோ. அத்தனையும் குழாய் வழியாகக் கடலுக்குப் போயிருந்தது. உள்ளே காளியம்மாள் தூங்கிக்கொண்டிருந்தாளாம், முன்பு சிலிண்டர் இருந்த மேடைக்கு நேர் எதிர்க் கட்டிலில்.

"வாஷரு மாத்திட்டன். சாரு பேசணுங்கறாரு, குடுக்கறன்," என்றான்.

நல்லுசாமி போனை வாங்கினார். ஏம்மா என்றார். போனில் காற்றும் அலையும் கேட்டன.

"நாங்க மூணு பேரும் இப்ப கரையில உக்காந்து காப்பி குடிக்கோம்மா," என்றார். "அதச் சொல்லத்தான்."

மங்கம்மா ஆறு வருஷமாக டப்பா டப்பாவாக ராகி மாவில் போட்டு அனுப்பியதெல்லாம் அப்போது நாக்கு நுனிக்கு வந்தது. வாயால் சொன்னால் தீர்ந்துவிடும் என்று வைத்திருந்தது. தீர்ந்தால் தீரட்டும் என்று தோன்றியது.

"சார், அன்னிக்கி நீங்க அவரு கையப் பாத்துட்டு வேல குடுத்தீங்க. நான் ஒண்ணியும் சொன்னதில்ல."

அந்தப் பக்கம் காப்பி டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது. விட்டால் இரண்டு பேரும் அழுதுவிடுவோம் என்று மங்கம்மாவுக்குப் பட்டது.

"வாஷரு நாலு மிச்சமிருக்கான்னு எண்ணிப் பாருங்க சார்," என்றாள். "ஆடுதுன்னு சொல்லிட்டு சோப்புத் தண்ணி போடாம போய் உக்காந்தாரே, அவரு கிட்ட ஃபோனக் குடுங்க."