கடைசியாகப் பயன்படுத்திய ஆண்டு

காலை 9.40. தாம்பரத்தில் ரயில் ஏறும்போதே முழங்கால் முணுமுணுத்தது. காஞ்சிபுரத்துக்கு இருபது ரூபாய்ச் சீட்டு, இரண்டு மணி நேரப் பயணம், ஜன்னலோரத்தில் வெயில். கல்லூரியில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். ஊர்க்காரர்களே நடத்தும் சிறு அருங்காட்சியகங்களுக்கு மாநில அரசு உதவி தருகிறது. தருவதற்கு முன் ஒருவர் நேரில் போய்ப் பார்த்துப் பன்னிரண்டு பக்கப் படிவம் நிரப்ப வேண்டும். அந்த ஒருவராக இருக்க ஏன்தான் ஒப்புக்கொண்டேனோ. இந்த மாதத்தில் இது நான்காவது ஊர்.

வாலாஜாபாத்தில் கூட்டம் இறங்கியதும் கால் நீட்ட இடம் கிடைத்தது. நீட்டியவள் தூங்கிவிட்டேன். காஞ்சிபுரத்தில் எதிர் இருக்கைக்காரர் எழுப்பினார். "எறங்கலையாம்மா? இன்னும் போனா திருமால்பூர்தான்."

11.50. நிலையத்துக்கு வெளியே ஆட்டோ. செவிலிமேட்டுக்கு நூற்றைம்பது கேட்டவர் நூற்றிருபதுக்கு இறங்கி வந்தார். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம்தான். காத்து நிற்கக் கால் வேண்டுமே. "நெசவாளர் அருங்காட்சியகம்" என்றேன். அப்படி ஒன்று இந்த ஊரிலேயே இல்லை என்றார். கடிதத்தில் இருந்த தெருப் பெயரைப் படித்துக் காட்டினேன்.

"அட, கஸ்தூரிக்கா நெய்யுற எடமா? மொதல்லயே சொல்லக் கூடாதாம்மா!"

12.15. ஒரே கூடம். ஆஸ்பெஸ்டாஸ் கூரையில் மூன்று விரிசல். சுவரில் பழைய டிசைன் தாள்கள், கண்ணாடிப் பெட்டியில் சில மரக் கருவிகள். நடுவில், தரையைத் தோண்டி அமைத்த குழித்தறி. அதைச் சுற்றிப் புத்தம் புதிய சிவப்பு ரிப்பன், 'தொடாதீர்கள்' என்று ஒரு பலகை. பொறுப்பாளர் ஏகாம்பரம், ஐம்பது வயது நெசவாளர். தெருக்காரர்கள் சேர்ந்து கட்டிய இந்தக் கூடத்தைச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்கிறார். கூரையை மாற்றத்தான் அரசிடம் உதவி கேட்டிருந்தார்.

தறியில் மாம்பழ நிறச் சேலை ஒன்று பாதியில் நின்றது. தூசி ஒரு பொட்டுக்கூட இல்லை. பக்கத்தில் சின்ன மின்விசிறி, தண்ணீர் பாட்டில்.

"சும்மா பார்வைக்கு வெச்சிருக்குது மேடம். ஓடுறதில்ல" என்றார், நான் கேட்பதற்கு முன்பே.

படிவத்தின் முப்பத்தோராவது கேள்வி: கடைசியாகப் பயன்படுத்திய ஆண்டு. புழக்கத்தில் உள்ள பொருள் காட்சிப்பொருளாகாது என்று அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு. தறியைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது தாளும் கட்டையும்தான். அதற்கு யாரும் கூரை போட்டுத் தர மாட்டார்கள். தறி ஓடவில்லை என்று எழுதினால் கூரை வரலாம். ஆனால் ரிப்பன் நிரந்தரமாகிவிடும், தறி ஓடுகிறதா என்று ஆண்டுதோறும் ஆள் வந்து பார்ப்பார்கள்.

முகம் கழுவ வெளியே வந்தேன். வாசற்படியில் டிபன் டப்பாவோடு உட்கார்ந்திருந்த நாற்பது வயதுப் பெண் எழுந்தாள்.

"எப்போ கெளம்புவீங்க மேடம்?"

போன ஊர்களில் மாலை போட்டிருக்கிறார்கள், பன்னீர் தெளித்திருக்கிறார்கள். இது புதிது. அவள்தான் கஸ்தூரி.

"மாடி வூட்டுல வாடகைக்கு இருக்கிறோம். மாடியில எங்க குழி தோண்டுறது? அதான் இங்க நெய்ஞ்சிக்கினு இருந்தேன். திங்கக்கெழம நீங்க வர்றீங்கன்னு தறிய நிறுத்தச் சொல்ட்டாங்க. இன்னிக்கு வியாழன்."

திங்கட்கிழமை வருவதாகச் சொன்னவள் நான்தான். முழங்காலைச் சாக்கிட்டு இரண்டு முறை தள்ளிப் போட்டேன். என் வலிக்காக இங்கே ஒருத்தி நாலு நாளாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஏகாம்பரம் பின்னாலேயே வந்துவிட்டார். "எங்கப்பா காலத்துலயே நின்னுபோச்சுன்னு போட்டுக்குங்க மேடம். இன்னொரு மழைக்கு இந்தத் தறி தாங்காது."

"அப்போ இவங்க?"

கஸ்தூரிதான் பேசினாள். "எழுதிக்குங்க மேடம். பட்டுல ஒரு சொட்டு வுழுந்தா போச்சு, அந்தச் சேலைய யாரும் தொட மாட்டாங்க. கூர வேணும். நான் வேற எடம் பாத்துக்கிறேன்."

"எங்கே?"

"பாக்கணும்."

2.30. ரிப்பனை நானே அகற்றினேன். முடிச்சு இறுகிக் கிடந்ததால் ஏகாம்பரத்திடம் கத்தரிக்கோல் கேட்டேன். அவருக்குக் கொடுக்க மனமில்லை, கொடுத்தார். கஸ்தூரி குழிக்குள் காலை இறக்கி உட்கார்ந்தாள், விசிறியைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள், என்னை மறந்துபோனாள். முப்பத்தோராவது கேள்விக்கு அன்றைய தேதியை எழுதினேன். நெய்கிறவளோடு சேர்ந்ததுதான் இந்தத் தறி, இரண்டுக்கும் சேர்த்தே கூரை வேண்டும் என்று விளிம்பில் நாலு வரி நுணுக்கி எழுதினேன். படிவத்தில் அதற்கென்று இடம் கிடையாது.

ஏகாம்பரம் வாங்கிப் படித்தார். "கெடுத்துட்டீங்களே மேடம்."

அவர் கோபம் நியாயமானது. அதற்குப் பிறகும் எனக்குக் காபி வரவழைத்தார்.

4.10. ஆட்டோ வந்தது. தாம்பரத்தில் என் வீடு கான்கிரீட். மழை பிடித்தால் பஜ்ஜிக்கு மாவு கரைப்பேன், அவ்வளவுதான் எனக்கு மழை. செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளே தறிச் சத்தம் நின்றது.

"மேடம், மழைக்கு முன்னாடி பதில் வந்துடுமா?"

போன ஆண்டு நான் பார்த்து எழுதிக் கொடுத்த ஊர்களில் ஒன்றுக்குக்கூட இன்னும் பதில் போகவில்லை.

"வந்துடும்மா" என்றேன்.

தறி மறுபடியும் ஓடத் தொடங்கியது.