அசையும் எழுத்து, அசையாத ஆட்கள்

சித்திர சபையிலே ஓவியமாய் நின்றும் ஆட்டம் ஓயாத குற்றாலநாதன் திருவடி போற்றி. அவன் ஆட உலகம் ஆடும். படம்பிடிக்கும் தொழிலிலோ எதிரே நிற்பவர் ஆடாதிருக்க நாம் ஆட வேண்டும்.

சுதந்திரம் வந்து பத்தாண்டு கழிந்த காலத்தில், தென்காசித் தேரடிப் பக்கம் சிறிய ஸ்டூடியோ ஒன்று வைத்திருந்தேன். எழுத்து என் கண்ணுக்கு அடங்காது. புத்தகத்தைத் திறந்தால் வரிகள் சாரல்போல் சாயும். ஒரு வரியைக் கடப்பதற்குள் அடுத்த வரி முந்திக்கொண்டு வந்து நிற்கும். இன்று மருத்துவர்கள் இதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர் சொல்கிறார்கள். அன்று என் ஆசிரியர்கள் சொன்ன பெயர்களை, இறைவன் பெயர் எழுதிய தாளில் எழுதுவது முறையன்று.

திருப்பாடல்களையெல்லாம் ஓதுவார் பாடக் கேட்டே நெஞ்சில் இருத்தினேன். கட்டுரைகளையும் அவ்வாறே மனத்தில் கட்டி, வாயால் சொல்ல, மனைவி கோமதி எழுதுவாள். என் படங்களோடு என் எழுத்தும் அச்சேற வேண்டும் என்பது ஆசை. வாசிக்கத் தெரியாதவன் எழுதினான் என்றால் எவர் நம்புவர் என்பது அச்சம். எழுத்தோடு மல்லுக்கட்டும் அன்பர்களே, இந்த அச்சத்தை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

தலைகீழ் மாப்பிள்ளை

முக்காலியில் நிற்கும் பெரிய கேமராவின் பின்புறக் கண்ணாடியில் உருவங்கள் தலைகீழாகவும், இடம் வலம் மாறியும் தெரியும். தொழில் பழகுவோர் பலர் இதில் தலைசுற்றி விழுந்ததுண்டு. எனக்கோ அது தாய்வீடு. பாலர் வகுப்பு முதல் உலகம் எனக்கு அப்படித்தானே காட்சியளித்தது!

குத்துக்கல்வலசையில் ஒரு கல்யாணம். பெண்ணின் தாய்மாமனுக்குக் கேமராவின் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்த்தே தீர வேண்டும் என்று பிடிவாதம். பார்த்தவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. பின்பு என்னைத் தனியே அழைத்து, மெல்லிய குரலில் சொன்னார்: “ஏலே, மாப்பிள்ளைய தலைகீழா தொங்கவிடத்தான் பொண்ணு வீட்டுக்காரங்க நாங்க இத்தன பேரு இருக்கோம். அந்த வேல ஒனக்கு எதுக்குலே?”

மறு மாறிய முதலாளி

நெகட்டிவுக்கு இரு முகங்கள் உண்டு. புறம் மாறிப் பதித்தால் இடது வலதாகும். எனக்கு இடமும் வலமும் உடன்பிறந்தார் போல. யார் மூத்தவர் என்பது எப்போதும் குழப்பம்.

புளியறைச் சாலையில் லாரிக்காரர்களுக்குச் சோறு போடும் கடையின் முதலாளி, சுவரில் மாட்ட ஒரு படம் எடுத்துக்கொண்டார். இடக்கன்னத்து மறு வலக்கன்னத்துக்கும், சட்டைப்பை வலப்பக்கத்துக்கும் போய்விட்டதை, சட்டம் போட்டுக் கொடுத்த பிறகே கண்டேன். மறுபடி போட்டுத் தருகிறேன் என்று கை நீட்டினேன். முதலாளியோ மகிழ்ந்துபோனார். “கண்ணாடியில பாக்குத மாதிரியே இருக்கு. முந்தி எடுத்தவன்லாம் வேற எவனையோ எடுத்துத் தந்துட்டான்” என்றார். அடுப்படியிலிருந்து அவர் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து, படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இது இவரு இல்ல. ஆனா இந்த ஆளு கொஞ்சம் நல்லவராத் தெரியுதாரு. இவரே இருக்கட்டும்.”

உறைமேல் ஓவியம்

சாரல் காலத்தில் குற்றாலத்துக்குக் குளிக்க வருவோரைக் காலையில் படம்பிடித்து, மாலையில் அவரவர் விடுதியில் சேர்ப்பேன். உறையில் பெயர் எழுதினால் எனக்கு விளங்காது. ஆகவே மீசைக்காரர் உறையில் மீசை, வழுக்கையர் உறையில் முழுநிலா. மதுரை வக்கீல் ஒருவருக்குக் குடம் ஒன்று வரைந்து, இரண்டு கால் வைத்திருந்தேன். அவசரத்தில் உறையோடு கொடுத்துவிட்டேன். அவர் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

“உள்ள இருக்கிற படத்துக்கு மூச்சை இழுத்துப் பிடிச்சுட்டு நின்னேன். வெளிய இருக்கிறவர் நிம்மதியா இருக்காரே, தம்பி.”

அச்சில் இல்லாத குரங்கு

ஐந்தருவியைப் பற்றிய என் கட்டுரை, என் படங்களோடு ஒரு மாத இதழில் வந்தேவிட்டது. ஊர் வாசகசாலையில் அதை நானே வாசிக்க வேண்டும் என்றார்கள். மறுத்தால் காரணம் கேட்பார்கள். மனப்பாடமாய்ச் சொல்வது, கோமதி தன் மூக்குத்தியைத் தொடும்போது பக்கம் புரட்டுவது என்று ஏற்பாடு செய்துகொண்டோம். எங்களுக்குரிய இதழ் அன்றுதான் தபாலில் வந்திருந்தது. எந்தச் சொல்லில் பக்கம் முடிகிறது என்று பார்க்க மட்டுமே அவளுக்கு நேரம் கிடைத்தது.

சபை நிறைந்திருந்தது. பலர் கையிலும் இதழ். கணீரென்று தொடங்கினேன். எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் புட்டியைக் குரங்கு பறித்துக்கொண்டு பாறைமேல் ஏறிய இடத்துக்கு வந்தபோது, வரிக்கு வரி விரல் வைத்துப் பார்த்துவந்த பலசரக்குக் கடை அண்ணாச்சி நிமிர்ந்தார்.

“தம்பி, நில்லு. என் புஸ்தகத்துல குரங்கே இல்லியே.”

இதழாசிரியர் இடம் போதாமல் அந்தப் பத்தியை வெட்டியிருக்கிறார். சபை முழுதும் தாள் புரளும் ஓசை. கோமதி பதறிப்போய் மூக்கில் கை வைத்தாள். நானும் ஏற்பாடு தவறாமல் பக்கத்தைப் புரட்டினேன்.

“அப்ப நீரு எதப் பாத்து வாசிக்கீரு?” என்றார் வாசகசாலைத் தலைவர். அவர் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர்.

இதழைக் கீழே வைத்தேன். “எனக்கு வாசிக்க வராதுங்க. நான் சொல்லச் சொல்ல அவ எழுதுனது. மனசுல உள்ளதத்தான் சொல்லுதேன்.”

“வாசிக்கத் தெரியாதவரு எழுதுனாருன்னு எப்படி நம்புதது?”

எத்தனையோ ஆண்டு அஞ்சியிருந்த கேள்வி வந்தேவிட்டது. அண்ணாச்சி தம் இதழை மூடி மடியில் வைத்துக்கொண்டு தலைவரைப் பார்த்தார்.

“அச்சுல வராதது வரைக்கும் தெரியுதுன்னா, இவன் எழுதாம வேற எவன் எழுதியிருப்பான்? புஸ்தகத்த மூடும்வே. அந்தக் குரங்கு எண்ணெய வச்சு என்ன செஞ்சுதுன்னு அவன் சொல்லட்டும்.”

அச்சேறிய பத்திகள் அத்தனையும் செய்ய மாட்டாததை, அச்சேறாத ஒரு பத்தி செய்து என்னை எழுத்தாளனாக்கிற்று. இதைக் கண்ணால் வாசிப்போரும், பிறர் வாசிக்கச் செவியால் கேட்போரும் தென்காசி உலகம்மை அருளால் ஒரு குறையுமின்றி வாழ்க.