பெட்டியை மட்டும் அடுப்பிலிருந்து தள்ளி வைத்தேன்

அந்த மத்தியானம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், எங்கள் ஒற்றைக் காம்பராவில் அப்பாவும் அம்மாவும் நானும் இருந்தோம். அக்கா கொழும்பில், வேலை செய்யும் வீட்டில் இருந்தாள். கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு நர்ஸ்கூட அக்கம்பக்கத்தில் இல்லை.

அப்பாவுக்கு உணவுக்குழாயில் புற்றுநோய். மாத்திரை இறங்காது. அதனால் வலிக்கு ஒட்டு கொடுத்திருந்தார்கள் (தோல் வழியாக உள்ளே போகும் மருந்து, மூன்று நாளைக்கு ஒன்று).

வீட்டில் உயர்தரப் பரீட்சை வரை படித்தவன் நான் மட்டும். கூட வந்த தாளை வாசித்து நானே விளக்கினேன். ஒட்டுக்குள் கூழ் இருக்கிறது. அது பாலிமர் வலை (நீண்ட சங்கிலி மூலக்கூறுகளின் பின்னல்). மருந்து அந்த வலைக்குள் முட்டி மோதி மெதுவாக வெளியே வரும்.

“யாருப்பா தள்ளுறா அத?” என்று கேட்டார் அப்பா.

“யாரும் தள்ளலப்பா. அதுவா அசைஞ்சு அசைஞ்சு வரும்.”

“அப்ப ஆடி ஆடி வர்ற நம்ம அக்கரப்பத்தனை பஸ்ஸுன்னு சொல்லு.”

அன்று அப்பா முனகாமல் தூங்கினார். பல வாரங்களுக்குப் பிறகு.

தாளில் ‘வெப்பம் படக்கூடாது’ என்றும் இருந்தது. மருந்துப் பெட்டியை அடுப்புப் பக்கத்திலிருந்து எடுத்து சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

இரண்டாவது ஒட்டு போட்ட மறுநாள் மத்தியானம் மழை. “ஒங்கப்பாவுக்கு முதுகெல்லாம் ஐஸா கெடக்குடா” என்றார் அம்மா. போத்தலில் வெந்நீர் ஊற்றி, துணி சுற்றி, அப்பாவின் முதுகில் அணைத்து வைத்தது நான்தான். ஒட்டு இருந்ததும் முதுகில்தான்.

சூட்டில் மூலக்கூறுகளின் ஓட்டம் கூடும். பரீட்சையில் சரியாக எழுதிய பதில் அது.

சற்று நேரத்தில் அம்மா கத்தினார். அப்பாவின் உதடு நீலமாக இருந்தது. மூச்சு ஒன்று வந்தது, அடுத்ததற்காகக் காத்திருந்தோம். ஒட்டைப் பிய்த்தெறிந்தேன், அதோடு நின்றுவிடும் என்று நம்பி. ஆனால் தோலுக்கடியில் தேங்கியது ஆட்டோவில் போகும்போதும் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் முறிவு ஊசி போட்டார்கள் (மருந்தின் வேலையைத் தடுப்பது). அப்பா கண் திறந்தார். வலியும் கூடவே திறந்தது. பிறகு மறுபடி மூச்சு தேய்ந்தது. மறுபடி ஊசி.

“சூடு ஏதாவது வச்சீங்களா?” என்று டாக்டர் கேட்டார்.

“இல்ல டாக்டர். பெட்டிய அடுப்புப் பக்கமே வைக்கல.”

“பெட்டிக்கு இல்ல தம்பி. ஆளுக்கு.”

இதை வாசிக்கும் உங்கள் வீட்டில் ஒட்டு இருந்தால் அந்தக் கடைசி வார்த்தையை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வெந்நீர்ப் போத்தல் வேண்டாம், அடுப்போரம் வேண்டாம். காய்ச்சல் வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள்.

அப்பா பிழைத்தார். ஆனால் புது ஒட்டை எடுத்துப் போனபோது கையைத் தள்ளிவிட்டார். “வேணாம்ப்பா. ஒங்கம்மாவ இன்னொருவாட்டி அப்புடி கத்த வைக்க மாட்டேன்.” டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. குடிக்கிற பாணி மருந்து கொடுத்தார்கள். பாதி வெளியே வந்தது.

இப்போதும் குளிரடித்தால் எனக்குப் போர்வை ஞாபகம் வருவதில்லை, அந்தப் போத்தல்தான் வருகிறது. யாராவது தூங்கினால் மூச்சை எண்ணுகிறேன். இரண்டு மூச்சுக்கு நடுவே எவ்வளவு இடம் இருக்கிறது என்று என் நெஞ்சுக்குத் தெரியும்.

அந்த ஒரு போத்தல் வெந்நீருக்கு அப்பா கொடுத்தது, சாகும் வரை ஒட்டில்லாத இருபத்தாறு நாள்.