எரிமலைத் தீவில் அண்ணா

குளிர்காலத்தில் ரொறன்ரோவிலிருந்து அந்தக் கரீபியன் தீவுக்கு நேரடி விமானம் விடுவார்கள். நடுவில் ஓர் எரிமலை, சுற்றிவரக் கடற்கரை. வெயில் தேடிப் போகிறவர்களோடு நானும் ஏறினேன். மென்பொருள் வேலையில் சேர்ந்த புதிது. விடுமுறை என்று சொல்லியிருந்தேன். உண்மையில், யாழ்ப்பாணத்திலிருந்து வெளிக்கிட்ட அண்ணாவை, காசு வாங்கி ஆட்களைக் களவாகக் கனடாவுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் அந்தத் தீவில் ஓர் அறையில் வைத்திருந்தான். நான் திரும்பும் விமானத்திலேயே, வேறொருவரின் கனடாக் கடவுச்சீட்டில் அவரும் ஏறவேண்டும். விடுமுறை முடிந்து வீடு திரும்பும் ஒருவராகத் தெரியவேண்டும்.

வேண்டியவற்றை ஒவ்வொன்றாகச் செய்தோம். கடவுச்சீட்டில் உள்ள பெயர், பிறந்த தேதி, ரொறன்ரோவில் மல்வேர்ன் பஸ் திரும்பும் சந்திகள் எல்லாம் பாடம். கறுப்பு மணலில் நின்று படங்கள். சுற்றுலாக் கூட்டத்தோடு மலை ஏறினோம். மேலே பாறை வெடிப்புகளிலிருந்து கந்தக ஆவி வந்தது.

"உது இனியும் வெடிக்குமோ?"

"வெடிக்கலாமாம். எப்ப எண்டு தெரியாதாம்."

"நான் பிளேன் ஏறினாப்பிறகு வெடிக்கட்டும்" என்று அண்ணா சிரித்தார். மாதக்கணக்கில் அறைக்குள் இருந்தவர், இறங்கும்போது அடிக்கடி மூச்சுவாங்கி நின்றார்.

புறப்படும் காலை, நான் வாங்கிக் கொடுத்த அரைக்காற்சட்டையும் பூப்போட்ட சட்டையும் கட்டிலில் கிடந்தன. அண்ணா நீளக் காற்சட்டையும் ஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் மினுக்கிய சப்பாத்துமாக நின்றார்.

"அண்ணா, உதைக் கழட்டுங்கோ. ஒருத்தரும் இப்பிடி வரமாட்டினம்."

"அரைக்காற்சட்டையோட பிளேன் ஏறுறதே? அம்மா எயார்போட்டில நிப்பா. பிச்சைக்காரன் மாதிரிப் போய் இறங்கவோ?"

"முதல்ல ஏறோணும்."

"பெரிய கொம்பியூட்டர்காரி! வடிவா உடுத்தாத்தான் ஆக்கள் மதிப்பினம்."

விமானம் ஏறுவதென்றால் எங்கள் ஆட்கள் கலியாணத்துக்குப் போவதுபோலத்தான் வெளிக்கிடுவார்கள். வாகனம் வந்துவிட்டது.

விமான நிலைய வரிசையில், தெரியாத ஆள்போல எனக்கு முன்னால் நின்றார். மூக்குத் தோல் உரிந்து, ரப்பர் செருப்போடு நின்ற கூட்டத்தில் அவர் ஒருவர்தான் அப்படி. அதிகாரி கடவுச்சீட்டை வாங்குமுன்பே அவரை மேலும் கீழும் பார்த்தார். சில கேள்விகள். பிறகு பக்கத்து அறைக் கதவைத் திறந்துவிட்டார்.

அடுத்தது நான். விடுமுறை எப்படி என்று கேட்டார். நல்லாயிருந்தது என்றேன்.

ரொறன்ரோவில் அம்மா கம்பிக்கு அப்பால் நின்றிருந்தார்.

"பின்னால வாறானோ?"

"இல்லை அம்மா."

கடைசிப் பயணி வெளியே வரும்வரை அவர் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணாவைக் கொழும்புக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று ஏஜென்சிக்காரன் அடுத்த கிழமை சொன்னான். அங்கே இறங்கியதற்குப் பிறகு அவருக்கு என்ன நடந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.