கயிற்றில் ஓடிய மேடு

எங்கள் ஊருக்கும் பஸ் போகிற ரோட்டுக்கும் நடுவே ஓர் உப்பங்கழி கிடந்தது. பிச்சாவரம் பக்கம் இப்படிக் கிளை கிளையாகப் பிரிந்து ஓடுகிற நீர் நிறைய. இது அவற்றில் சின்னது. இரு கரையிலும் பனங்கட்டை முளை அடித்து, குறுக்கே ஒரு நைலான் கயிற்றை விறைப்பாகக் கட்டியிருந்தார்கள். தோணியில் நின்றபடி அந்தக் கயிற்றைக் கை மாற்றிக் கை மாற்றி இழுத்தால் அக்கரை போய்ச் சேரலாம். தோணி ஒன்றுதான். அது எந்தக் கரையில் கிடக்கிறதோ அந்தக் கரைக்காரர் பாக்கியசாலி.

அந்த மார்ச் மாதக் காலையில் நாங்கள் பாக்கியசாலிகள் இல்லை. தோணி அக்கரையில் கிடந்தது. அதற்குள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு மாமா படுத்திருந்தார். அம்மாவின் தம்பி. ராத்திரி பிடித்த இறாலை ரோட்டு வியாபாரியிடம் போட்டுவிட்டு வந்த அசதியில் அங்கேயே படுத்துவிட்டார் போலிருந்தது. இக்கரையில் அக்காவும் ஆறாவது படிக்கிற நானும். அக்காவுக்கு அன்று சிதம்பரத்தில் பிளஸ் டூ கணக்குப் பரீட்சை.

பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்த முதல் ஆட்கள் எங்கள் வகையறாவில் நாங்கள் இருவரும்தான். ஆனால் அக்காவை மாமாவுக்குக் கொடுப்பதென்று அவள் தொட்டிலில் கிடக்கும்போதே பேசி வைத்தாகிவிட்டது. காலேஜ் போகிறேன் என்று அவள் அழுத அழுகையில் அப்பா ஒரு தீர்ப்புச் சொன்னார். "பாஸானா படிக்கட்டும். இல்லன்னா ஆவணியில தாலி." மாமா என்னை அப்போதே "மச்சான்" என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார். எனக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

"மாமோவ்" என்று கத்திக் கத்தி அக்காவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. காற்று வேறு எதிரே அடித்தது.

"பொணமாட்டம் படுத்துக்கினு இருக்குது பாரு. பஸ்ஸு பூடும்டா."

"நான் நீந்திப் போறேங்க்கா."

"சேத்துல மாட்டிக்கினா உன்ன யாரு இழுக்கறது? சும்மா நில்லு."

நீர் வடிந்து, கரையோரமெல்லாம் இடுப்பளவு சேறு. ஆத்திரத்தில் கயிற்றைப் பிடித்து ஓர் உதறு உதறினேன். அப்போதுதான் அதைப் பார்த்தேன். என் கையிலிருந்து ஒரு மேடு புறப்பட்டு, எலி ஓடுவது மாதிரி கயிற்றின் மேலேயே விடுவிடுவென்று ஓடியது. கயிறு எங்கும் போகவில்லை, மேடு மட்டும் போனது. அக்கரை முளையில் மோதித் திரும்பியது. திரும்பும்போது அது மேடாக இல்லை, குழி. தலைகீழாகத் தொங்கிக்கொண்டே ஓடி வந்து என் உள்ளங்கையில் இடித்தது.

"அக்கா, தலைகீழா வருதுக்கா."

"வெளாட்டா உனுக்கு?"

விளையாட்டுதான், ஆனால் விட முடியவில்லை. சின்னதாக உதறினேன், பெரிதாக உதறினேன். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடின. பிறகுதான் மூளை வேலை செய்தது. தோணியையும் அந்த முளையில்தான் கட்டியிருந்தார்கள், மாமாவின் தலைமாட்டிலேயே முளை. முளை ஆடினால் தோணி ஆடும், தோணி ஆடினால் மாமா எழுவார். சொன்னதும் அக்காவின் கோபம் போய்விட்டது. "அப்பிடின்னா இன்னும் பலமா ஆட்டு" என்றாள். மேடு போனது, குழி வந்தது. மேடு போனது, குழி வந்தது. அப்புறம் போன ஒரு மேடு திரும்பி வரவில்லை.

அடுத்ததும் வரவில்லை. அதற்கடுத்ததும். அக்கரையில் எதுவோ விழுங்கிக்கொண்டிருந்தது. "கயிறு அவுந்துபோச்சுக்கா" என்றேன். அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் போர்வை விலகியது. மாமா எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டி, தோணியை இழுத்துக்கொண்டு வந்தார்.

"யார்றா கயித்த அந்த ஆட்டு ஆட்னது?"

"நான்தான் மாமா. நீ தூங்கினு இருந்தியே."

"ஆமா மச்சான். நீ எழுப்பலன்னா பொழுதுக்கும் தூங்கியிருப்பேன்." அக்காவிடம், "ஹால் டிக்கெட்டு எடுத்துக்கினியா?" என்று மட்டும் கேட்டார்.

அக்கரையில் பஸ் கிளம்பிவிட்டிருந்தது. மாமா வெறுங்காலோடு ஓடி, அதன் முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்று நிறுத்தினார். டிரைவர் திட்டியதெல்லாம் அவருக்குத்தான்.

அக்கா பாஸானாள். கடலூரில் நர்ஸிங், மஞ்சக்குப்பத்தில் ஹாஸ்டல். மாமாவுக்கு மறு வருஷம் புவனகிரிப் பக்கம் பெண் எடுத்தார்கள். அந்தக் கல்யாணத்தில் இரண்டு பந்தி சாப்பிட்டுவிட்டு, மாமாவைக் கயிற்றாலேயே எழுப்பின கதையைக் கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பிறகு எனக்குச் சிதம்பரத்தில் இன்ஜினியரிங், இரண்டாம் வருஷம். ஒருநாள் கணக்கு வாத்தியார் அதிரும் கம்பிக்கான அலைச் சமன்பாட்டை போர்டில் எழுதினார். கம்பியில் ஒரு புள்ளி எவ்வளவு வளைந்து நிற்கிறதோ, அவ்வளவுக்கு அதன் வேகம் மாறும். சமன்பாடு சொல்வது அவ்வளவுதான். விடையை இரண்டாகப் பிரித்தார்: வலப்பக்கம் ஓடுகிற ஓர் அலை, இடப்பக்கம் ஓடுகிற ஓர் அலை. கட்டிய முனை அசையக் கூடாதென்றால், அங்கே இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள வேண்டும். ஆகவே திரும்புகிற அலை தலைகீழ். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கையில் சாக்பீஸ் தூள் கூட இல்லாமல் அந்தக் கணக்கை நான் உப்பங்கழிக் கரையில் போட்டிருக்கிறேன். எழுந்து நின்று, "ஆமா சார், குழியாத்தான் வரும். பாத்திருக்கேன்" என்றேன். வகுப்பே சிரித்தது. அந்த உற்சாகத்தில் வெட்கம் எங்கே தெரிந்தது? இதையும் கேட்டுவிடலாமென்று கேட்டேன்.

"திரும்பியே வரலன்னா, சார்? கயிறு அவுந்திருக்குமா?"

"அவுந்திருந்தா மேடு மேடாவே திரும்பும்பா. திரும்பவே இல்லன்னா, அலை வர வர அதுக்கு எடம் குடுத்து, யாரோ அந்த முனையக் கையில புடிச்சிருக்காங்கன்னு அர்த்தம்."

உட்கார்ந்தேன். அவர் போர்டை அழித்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போனார். நான் எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

தூங்குகிறவர் கயிற்றைப் பிடித்திருக்க மாட்டார். அக்கா கத்தியதையெல்லாம் கேட்டுக்கொண்டு மாமா விழித்தேதான் கிடந்திருக்கிறார். பஸ் போகும்வரை அப்படியே கிடந்திருந்தால் போதும், ஆவணியில் தாலி. நான் அனுப்பியவை ஒவ்வொன்றாக அவர் கைக்குள் போய் அடங்கிக்கொண்டிருக்க, போர்வைக்குள் அவர் அதைத்தான் யோசித்திருக்க வேண்டும். இக்கரையில் நின்ற நானோ, ஒரு முடிச்சை ஒழுங்காகப் போடத் தெரியாத ஊர்க்காரர்களை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன்.